ஸ்டோர் ரோட்டில் அரை ஷட்டர்

எங்கள் ரோட்டைப் பெருந்தெரு என்று அரசாங்கம் சொல்லத் தொடங்கியபோது முதலில் சிரித்தவள் நான்தான். பதுளை ரயில் நிலையத்துச் சாமான் கொட்டகையடியில் ஆரம்பித்து ஆஸ்பத்திரியின் பின்கேட்டோடு முடிகிற ரோடு இது. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினால் துப்புவதற்குள் ரோடு முடிந்துவிடும். இதற்கு ஒரு நம்பர், ஒரு பெயர்ப்பலகை, அகலப்படுத்த ஒரு திட்டம், திட்டத்துக்கு ஓர் எஞ்சினியர். கேட்டால் சிரிப்பு வராதா?

என் பெயர் நேசராணி. மடுல்சீமைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, றோயைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு வந்து, இந்த ரோட்டில் தேத்தண்ணிக் கடை போட்டவள். றோய் த்ரீவீல் ஓட்டுகிறார். தங்கமான மனுஷன், வாயில்லாப்பூச்சி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டவர் எனக்கே வாயைக் கொடுத்துவிட்டார் என்று ரோட்டில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். வாயில்லாதவள் ஆஸ்பத்திரி ரோட்டில் கடை வைத்துப் பிழைத்துப் பார்க்கட்டும், அப்புறம் சொல்கிறேன்.

ரோட்டின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் வந்த பிறகு, சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலைப் பெட்டியெல்லாம் மாட்டு வண்டியில் வந்து இங்கேதான் இறங்கியிருக்கிறது. சாமான் கொட்டகைக்குப் பக்கத்தில் பெரிய ஸ்டோர் ஒன்று இருந்தது. அதனால் ஸ்டோர் ரோடு. வண்டிக்காரனுக்குச் சோறு, மாட்டுக்கு லாடம், சக்கரத்துக்குக் கிறீஸ் என்று இடது பக்கம் கடைகள் முளைத்தன. வலது பக்கம் எவனோ ஒரு துரை பங்களா கட்டி, ரோட்டு நீளத்துக்குச் சுவரும் எழுப்பிக்கொண்டான். பிறகு லொறி வந்தது. லொறிக்காரன் பெரகல இறக்கத்தால் தேயிலையை நேரே கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டான். ஸ்டோர் பாழடைந்து, கூரைத் தகடும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், ரோட்டுக்கு வேலையில்லாமல் போனது.

அதைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரிதான். மேல் முனையில் பின்கேட்டைத் திறந்தார்கள். கிளினிக்குக்கு வருகிற தோட்டத்துச் சனம் கீழ் முனைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டிறங்கி இந்த ரோட்டால் ஏறத் தொடங்கியது. லாடம் அடித்த கடை பார்மசி ஆனது. கிறீஸ் விற்ற இடத்தில் நான் பிளேன்டீ விற்கிறேன். எனக்கு அடுத்த கடை ஜுனைதீன் நானாவின் ஹாட்வெயார். அவருடைய வாப்பா காலத்தில் அது வண்டிச் சாமான் கடையாக இருந்ததாம்.

பின்கேட்டுக்குப் பக்கத்தில் பிரேத அறை. அதற்கு மேலே ரோடு படிக்கட்டாகிப் போய்ப் பெரிய தெருவில் ஏறுகிறது. வேன் மேலே வந்தால் திரும்ப இடமில்லை. அதனால் தோட்டத்திலிருந்து பிரேதம் எடுக்க வருகிறவர்கள் வேனைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு, பெட்டியைத் தோளில் சுமந்துதான் கீழே கொண்டுபோவார்கள். பெட்டி வரும்போது வெளியே தொங்கும் வாளி, தும்புத்தடி, பிளாஸ்டிக் பேசின் எல்லாவற்றையும் நாங்கள் உள்ளே இழுத்துவிடுவோம். இழுத்த கையோடு ஷட்டரையும் அரைவாசிக்கு இறக்கிவிட்டு வாசலில் நிற்போம். பெட்டி தாண்டியதும் தூக்கிவிடுவோம். சாமான் இடிபடாமலிருக்கத்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது என்பது என் கட்சி. தன் வாப்பா தொடங்கிவைத்த மரியாதை என்பது ஜுனைதீன் நானாவின் கட்சி. இதற்காக நாங்கள் சண்டைகூடப் பிடித்திருக்கிறோம். எது எப்படியோ, வேதக்காரர் பெட்டியோ, சைவக்காரர் பெட்டியோ, சிங்களவர் பெட்டியோ, ஜனாஸாவோ, எது வந்தாலும் ஸ்டோர் ரோட்டில் ஷட்டர் பாதிக்கு இறங்கும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

திட்டத்தைப் பற்றிச் சரியாகக் கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் என் சிரிப்பு நின்றது. படிக்கட்டை உடைத்து ரோட்டை மேலே பெரிய தெருவோடு சேர்க்கப் போகிறார்களாம். அப்படிச் செய்தால் இரண்டு பெரிய ரோடுகளுக்கும் இது குறுக்கு வழி. அதற்கு இப்போதிருக்கிற அகலம் காணாது. அகலம் எங்கிருந்து வரும்? ஒன்றில் இடது பக்கம் எங்கள் கடை வரிசை போக வேண்டும், இல்லாவிட்டால் வலது பக்கம் பங்களாச் சுவர் போக வேண்டும். பங்களாவில் இப்போது வௌவாலைத் தவிர யாரும் குடியில்லை, ஆனால் அது வேறோர் அரசாங்கத் திணைக்களத்தின் சொத்து. எங்கள் கடைகளுக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது, வருஷா வருஷம் புதுப்பிக்கிற அனுமதி மட்டும்தான். உடைத்தால் உடைத்ததுதான், நட்டஈடு என்று ஒரு சதம் வராது. வரைபடத்தில் கோடு எங்கள் பக்கம்தான் போட்டிருந்தது.

ரோடு அகலமாகக் கூடாது என்று நாங்கள் யாருமே சொல்லவில்லை. வருத்தக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறுவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். கோட்டைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் தள்ளுங்கள் என்றுதான் கேட்டோம்.

எஞ்சினியர் துஷாந்த் கொழும்புக்காரர். வயது குறைவு, பேச்சில் மரியாதை உண்டு. பள்ளிவாசல் பக்கத்து மண்டபத்தில் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"சுவர்ப் பக்கம் எடுக்கலாம்னு நான் எழுதிப் பாக்குறேன். நான் எழுதினா அநேகமா கேப்பாங்க. ஆனா ஒரு விசயம். இங்க ஆர்ப்பாட்டம், கடையடைப்பு ஒண்ணும் இருக்கக்கூடாது. இருந்தா நான் அதையும் எழுதத்தான் வேணும். அப்புறம் ஃபைல் என் கையில இல்ல. மேல இருக்கிறவங்க பழைய கோட்டையே போட்டு, பொலிஸோட வந்து உடைச்சிட்டுப் போயிருவாங்க."

"ஒரு சத்தம் வராதுங்க சேர். நான் பொறுப்பு" என்று எல்லாரையும் முந்திக்கொண்டு சொன்னவள் நான்.

"நேசம் பொறுப்பெண்டா பயமில்ல சேர். சத்தம் போடுற ஆளே அவதான்" என்றார் ஜுனைதீன் நானா. மண்டபம் முழுக்கச் சிரித்தது. துஷாந்தும் சிரித்தார். அடுத்த கிழமை செவ்வாயிலிருந்து அளப்பேன், வியாழன் பின்னேரம் ரிப்போர்ட்டை முடித்துவிட்டுப் போய்விடுவேன் என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் தூறல். ரோட்டின் புதுப் பெயர்ப்பலகையை அன்றைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. லொறி மேலே பெரிய தெருவில் நின்றுவிட்டது, படிக்கட்டால் லொறி எப்படி இறங்கும்? பலகை ஆள் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. திறப்பு விழாவுக்கு முன்னால் பெயின்ட் உரசிவிடக் கூடாது என்று யாரோ ஒரு மகா புத்திசாலி அதை வெள்ளைச் சீலையால் சுற்றியிருக்கிறான். வேலையாட்கள் நாலு பேர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கட்டால் இறங்கி, பிரேத அறையைத் தாண்டி, மெல்ல மெல்ல வந்தார்கள். பின்னால் துஷாந்த், குடை பிடித்தபடி, குனிந்த தலையோடு. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், அவர்களும் குனிந்த தலை. சேற்றில் வழுக்காமல் காலைப் பார்த்து நடந்தார்களாம். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? பின்கேட்டுப் பக்கமிருந்து வெள்ளைத்துணி சுற்றித் தோளில் வந்தால் அது என்ன? நீங்களே சொல்லுங்கள்.

வாளியெல்லாம் உள்ளே போனது. ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்கியது. நான் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று சிலுவை போட்டேன். ஜுனைதீன் நானா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். எந்தப் பெட்டி போனாலும் கொஞ்சத் தூரமாவது தோள் கொடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முன்னால் வந்த ஆளை விலக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்து, முணுமுணுவென்று ஓதிக்கொண்டு நாலு எட்டு நடந்தார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"என்ன மகன், மையித்து இப்பிடித் தட்டையா ஈக்கி?" என்று கேட்டார்.

"மையித்து இல்ல முதலாளி. போர்டு" என்றான் அந்த ஆள்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் துஷாந்த் குடையைத் தூக்கினார். ஒரு கடை பாக்கியில்லாமல் ஷட்டர் இறங்கியிருக்கிறது. சனம் வாசலில் பேசாமல் வரிசையாக நிற்கிறது. நடுவில் ஒருத்தி அவருடைய போர்டைப் பார்த்துக் கெக்கலிகொட்டிச் சிரிக்கிறாள். மனுஷனின் முகம் சிவந்துவிட்டது.

"இதுதானா நீங்க பொறுப்பெடுத்த விதம்?"

"ஐயோ சேர், சாவுன்னு நெனச்சுட்டோம்!"

"யாருடைய சாவு?"

"யாருதுன்னு தெரியாதுங்க. யாருதா இருந்தாலும் சாத்துவோம்."

"யாருன்னே தெரியாத ஆளுக்கு, ரோட்டுல உள்ள எல்லாக் கடையும்?"

"ஆமாங்க சேர்."

"எல்லாச் சமயத்துக்கும்?"

"சாவுக்கு என்னங்க சமயம்?"

அவர் குடையை மடக்கினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு மனதை ஆற்றியிருப்பேன்.

"அக்கா, நான் கண்டியிலயும் வேல செஞ்சிருக்கேன், மாத்தறையிலயும் வேல செஞ்சிருக்கேன். ரோட்டு வேல வந்தா சனம் என்னென்ன கதை சொல்லும்னு எனக்குத் தெரியும். போர்டு வாற நேரத்துக்குச் சரியா ஷட்டர் இறங்குது. கேட்டா சாவுன்னு நெனச்சீங்களாம். நான் என்னத்த நம்புறது? சரி, வியாழன் வரைக்கும் இங்கதானே நிக்கப் போறேன். அப்படி ஒரு பழக்கம் இருந்தா என் கண்ணுல படும். பட்டா நான் நம்புறேன். படாட்டி இன்னைக்கிப் பாத்ததத்தான் எழுதுவேன்."

நியாயமான பேச்சு. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டக்கூட இடம் வைக்காமல் பேசிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம்வரை எல்லாரும் ஜுனைதீன் நானாவைப் போட்டு வறுத்தெடுத்தோம். "போர்டுக்கு நாப்பதாம் நாள் கத்தம் எப்ப நானா?" என்று பார்மசிக்காரி ஷிஹானா கேட்டாள். "உங்களுக்கு விளையாட்டு. சேருட மொகத்தப் பாத்தீங்களா? எங்கட கட போகப் போகுது" என்றார் அவர். அதோடு சிரிப்பு அடங்கியது. பின்னேரம் எங்களுக்கு ஆறுதல் சொன்னதும் அவர்தான். "யோசிக்காதீங்க. இது ஆஸ்பத்திரி ரோடு. பெட்டி வராமலா ஈக்கப் போகுது?"

அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை காலையிலேயே நான் ஷட்டருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். துஷாந்த் எதிர்ச் சுவரோரம் அளக்கிற கருவியை முக்காலியில் நிறுத்திவிட்டு அதில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு என் கடைக்கு வந்து பிளேன்டீ குடித்தார். காசு வேண்டாம் என்றேன். "தேத்தண்ணிக்கும் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல அக்கா" என்று மேசையில் காசை வைத்துவிட்டுப் போனார். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

பிரேத அறையில் வேலை பார்க்கும் தேவதாசன் வழக்கமாக என் கடையில்தான் தேத்தண்ணி குடிப்பார். அன்றைக்கு அவர் வந்து உட்காரவும் விடவில்லை நான்.

"இன்னைக்கி ஏதும் இருக்கா?"

"என்னக்கா, மீனு வந்துச்சான்னு கேக்குற மாதிரி கேக்குறீங்க?"

"இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"ஒண்ணு இருக்கு. பின்னேரம் எடுக்குறாங்க. ஆனா வசதியான வீட்டு ஆளு. முன் கேட்டால கறுப்பு வேன் வருது."

"இந்தப் பணக்காரனுங்க செத்தும் நமக்கு உதவ மாட்டானுங்க!" என்று கத்திவிட்டேன். மருந்துத் துண்டோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு கிழவிகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னேரம் றோய், பாவம், அபூர்வமாக வாயைத் திறந்தார். "நேசம், மலர்ச்சாலையில வெறும் சவப்பெட்டி ஒண்ண வாடகைக்கி எடுத்தா என்ன? நம்ம த்ரீவீல் பொடியங்க நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்தா முடிஞ்சிது."

நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தேன். பின்னால் அழுதுகொண்டு வர யாரைப் பிடிக்கலாம் என்பதுவரை போய்விட்டது என் புத்தி. ஜுனைதீன் நானாதான் மறித்தார்.

"போர்டுக்குத் தோள் குடுத்தது தெரியாமச் செஞ்சது. தெரிஞ்சுகொண்டு பொய் மையித்துக்கு நான் தோள் குடுக்க மாட்டேன். கட போனாலும் சரி."

"அப்ப என்ன நானா செய்யச் சொல்றீங்க? உண்மையா ஒருத்தரு சாகணும்னு ஒக்காந்திருக்கவா?"

அவர் என்னைப் பார்த்தார். அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று அவர் சொல்லவில்லை. ஷட்டர் கொக்கியைச் சும்மா இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை ஜெபத்துக்கு மண்டியிட்டபோது, வழக்கமாகப் பிள்ளைகளுக்கு, வியாபாரத்துக்கு, றோயின் முதுகுவலிக்கு என்று வரிசையாகச் சொல்கிற எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. ஆண்டவரே, நாளைக்காவது ஒரு பெட்டி என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்கினால் மட்டும் அவருக்குக் கேட்காமல் போய்விடுமா? எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அந்த வேண்டுதலை என்னால் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை கிளினிக் நாள். பாலத்தடியிலிருந்து சனம் ஏறிக்கொண்டே இருந்தது. இருமல்காரர், கால் வீங்கினவர், கைக்குழந்தைக்காரி, எல்லாரும் கடையில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவார்கள். நான் தேத்தண்ணி ஆற்றியபடி ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். மத்தியானம் தாண்டியது. மூன்று மணியளவில் துஷாந்தின் ஆட்கள் முக்காலியை மடக்கினார்கள். அவர் சுவரில் சாய்ந்து எதையோ எழுதத் தொடங்கினார். ஷிஹானா கடைக்குள்ளே போய் அழுதாள். சுவரடிக்குப் போய் அவரிடம் கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாமா என்று நான் எழுந்தேன்.

அப்போது பின்கேட்டுப் பக்கமிருந்து தேவதாசன் வேகமாக வந்தார். ஓடவில்லை, ஆனால் ஓட்டம் மாதிரிதான்.

"அக்கா, வருது. தோட்டத்து ஆளு. பொஞ்சாதிதான் எடுத்துக்கிட்டுப் போவுது."

"வந்துருச்சு!" என்றேன். "நானா, வந்துருச்சு! ஷிஹானா, வெளிய வா! வந்துருச்சு!" மாப்பிள்ளை ஊர்வலம் வந்ததுபோல் கடை கடையாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எந்தப் பெயரும் வைக்க வேண்டாம், சந்தோஷம்தான் அது.

ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. மற்ற நாளில் சத்தம் வராமல் பிடித்துப் பிடித்து இறக்குவோம். அன்றைக்குக் கீழே பாலத்துக்கே கேட்டிருக்கும். எல்லாரும் வாசலில் வந்து விறைத்து நின்றோம். பெட்டியை யாரும் பார்க்கவில்லை. எங்கள் எல்லாருடைய கண்ணும் எதிர்ச் சுவரில், துஷாந்தின் முகத்தில் இருந்தது. ஜுனைதீன் நானா ஒருவர்தான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்.

அது மலிவுப் பெட்டி. சுமந்தவர்கள் நாலு பேர், மாற்றித் தூக்க ஆளில்லை, வியர்த்துப்போயிருந்தார்கள். பின்னால் ஒரே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த பிளாஸ்க், மற்றக் கையில் தலையணையும் போர்வையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. அழுது ஓய்ந்த முகம்.

ஜுனைதீன் நானா முன்பக்கத்தில் தோள் கொடுத்தார். முன்னால் சுமந்தவன் தோளைத் தேய்த்துக்கொண்டு விலகினான். அதைப் பார்த்து தேவதாசனும் பின்பக்கத்துக்குப் போனார். தோள் மாற்றுவதற்காகப் பெட்டி என் கடைக்கு முன்னால் கொஞ்சம் நின்றது.

துஷாந்த் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார். ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருதரம் பார்த்தார். பிறகு குறுக்கே நடந்து என் பக்கத்தில் வந்து நின்று, பெட்டியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நீங்க சொன்னது உண்மைதான். சுவர்ப் பக்கம்னே எழுதுறேன்."

றோய் என் கையைப் பிடித்து இறுக்கினார். கடை தப்பிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தப் பெண் இறங்கிக் கிடந்த ஷட்டர்களை அப்போதுதான் பார்த்தாள். மேலேயும் கீழேயும் பார்த்துப் பயந்துபோனாள். நேரே என்னிடம் வந்தாள்.

"அம்மா, ரோட்ட மூடப் போறாங்களா? யாரும் பெரிய ஆளு வாறாங்களா? கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க தாயி. வேனு பாலத்துக்கிட்டதான் நிக்கிது. நாங்க போயிருவோம்."

"யாரும் வரலம்மா" என்றேன். "இது உங்களுக்குத்தான்."

"எங்களுக்கா?"

"உங்க வீட்டுக்காரருக்கு."

அவளுக்கு அது ஏறவில்லை. மூட்டையைக் கீழே வைத்தாள். பார்மசி, ஹாட்வெயார், பேக்கரி, தையல் கடை என்று ஒவ்வொரு ஷட்டராக அவள் கண் போய் வந்தது. வாசல்களில் நின்றவர்களைப் பார்த்தாள். வெறுங்காலோடு பெட்டியைத் தாங்கி நின்ற ஜுனைதீன் நானாவைப் பார்த்தாள்.

"நாங்க மடுல்சீமைப் பக்கங்க" என்றாள். "அவரு ரோட்டோரம் நின்னு கைய நீட்டுனா பஸ்ஸுகூட நிக்காது. துண்ட ஆட்டிக்கிட்டே பின்னால ஓடுவாரு. நான் சிரிப்பேன். அவருக்காகவா இத்தன கடையும் சாத்தியிருக்கீங்க?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். வேறு எப்படி ஆட்டுவது?

அவள் பிளாஸ்க்கையும் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க கட நல்லா இருக்கும் தாயி. ஒரு கொறையும் வராது" என்றாள். பிறகு பெட்டிக்குக் கிட்டப் போய், தலைமாட்டுப் பக்கம் குனிந்து, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள். "கேட்டீங்களா? ஒங்களுக்குத்தானாம்."

நான் அழுதேன். நான் அழுவதைப் பார்த்து அவள் என் முதுகைத் தடவிவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, அம்மா, நாங்கள் உன் புருஷனுக்காக நிற்கவில்லை, ஒரு சாவு வராதா என்று மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தோம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். இந்த வாயை அதற்கு முன்னால் யாரும் பொத்திப் பார்த்ததில்லை.

பெட்டி நகர்ந்தது. றோய் ஓடிப்போய் மூட்டையையும் பிளாஸ்க்கையும் வாங்கிக்கொண்டு அவள்கூட நடந்தார். ஜுனைதீன் நானா பாலம்வரை தோளை மாற்றிக்கொடுக்கவே இல்லை. வேன் கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. வேன் திரும்பிப் பசறைப் பக்கமாகப் போனது.

பெட்டி தாண்டியதும் ஷட்டரைத் தூக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஷிஹானா என்னைப் பார்த்தாள். தையல்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போயிட்டாங்களே, இன்னும் திறக்கலையா அக்கா?" என்று துஷாந்த் கேட்டார். ஷட்டர் கொக்கியில் வைத்த கையை எடுத்துவிட்டேன். இருட்டும்வரை ஸ்டோர் ரோட்டில் யாரும் கடையைத் திறக்கவில்லை.